மின்காந்தத் துடிப்பும் சூரியப் புயலும் மின்கட்டமைப்பைத் தாக்கும் விதம்: முழுமையான வழிகாட்டி

சூரியப் புயல் வரப்போகிறது என்ற செய்தி பரவும்போதெல்லாம், கைப்பேசியை அலுமினியத் தாளில் சுற்றி வைக்கும்படி சொல்லும் அறிவுரையும் கூடவே பரவிவிடுகிறது. அறிவுரை சொல்பவர் இரண்டு வெவ்வேறு நிகழ்வுகளை ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறார் என்பதற்கு அதுவே போதுமான அடையாளம். அணுகுண்டு வெடிப்பால் உண்டாகும் மின்காந்தத் துடிப்புக்கும் சூரியனிலிருந்து வரும் புவிக்காந்தப் புயலுக்கும் உறவு உண்டு. ஆனால் அந்த உறவு ஒரு பகுதியில் மட்டும்தான். எது எதைக் கெடுக்கும் என்பதை முடிவு செய்ய இரண்டு கேள்விகள் போதும். மின்புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறது? அதை வாங்கிக்கொள்ளும் கம்பி எவ்வளவு நீளமானது? இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும் இவ்விரு கேள்விகளை ஒட்டியே செல்கிறது.

படி 1: எந்த நிகழ்வைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

வளிமண்டலத்துக்கு மிக உயரத்தில் அணுகுண்டு வெடித்தால் உண்டாகும் துடிப்பைப் பொறியாளர்கள் இ1, இ2, இ3 என மூன்றாகப் பிரிக்கிறார்கள். இ1 சில நானோவினாடிகளில் உச்சத்தைத் தொட்டு, ஒரு மைக்ரோவினாடிக்குள் அடங்கிவிடுகிறது. இ2 ஏறக்குறைய மின்னலை ஒத்தது. ஒரு வினாடி வரை நீடிக்கக்கூடியது. இ3 வினாடிகளில் தொடங்கி நிமிடக்கணக்கில் நீள்கிறது.

சூரியனிலிருந்து வருபவையும் மூன்று வகை. சூரியச் சுடரின் எக்ஸ் கதிர்கள் ஒளியின் வேகத்தில், எட்டரை நிமிடங்களுக்குள் வந்து சேர்ந்து, பூமியின் பகல் பக்கத்தில் சிற்றலை வானொலித் தொடர்பைக் கெடுக்கின்றன. உயர் ஆற்றல் துகள்கள் அடுத்து வந்து செயற்கைக்கோள்களைத் தாக்குகின்றன. மூன்றாவதாக, கோடிக்கணக்கான டன் பிளாஸ்மா (மின்னேற்றம் பெற்ற சூடான வாயு) தன் காந்தப்புலத்தையும் சுமந்துகொண்டு சூரியனின் ஒளிவட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு கிளம்புகிறது. அது பூமியை அடைய முக்கால் நாள் முதல் மூன்று, நான்கு நாட்கள் வரை ஆகலாம். மின்கட்டமைப்புக்குக் கவலை தருவது இந்த மூன்றாவது வகைதான்.

சூரியப் புயலில் இ1, இ2 ஆகியவற்றுக்கு ஈடாக எதுவும் இல்லை. இ3-க்கு மட்டுமே அது உறவினர். மேசைமீது கிடக்கும் கைப்பேசியைச் சூரியப் புயல் எரித்துவிடாது என்று உறுதியாகச் சொல்லக் காரணம் இதுவே. நிமிடக்கணக்கில் மெதுவாக மாறும் புலம் அதன் சில சென்டிமீட்டர் நீளச் சுற்றில் தூண்டும் மின்னழுத்தம் பொருட்படுத்தத் தக்கதன்று.

படி 2: வேகத் துடிப்பு எப்படிப் பிறக்கிறது, எதைத் தேடிப் போகிறது

உயரத்தில் வெடிக்கும் அணுகுண்டு வெளியிடும் காமா கதிர்கள் கீழ்நோக்கிப் பாய்ந்து, தரையிலிருந்து சுமார் 20 முதல் 40 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மூலக்கூறுகளில் மோதி எலக்ட்ரான்களைத் தட்டிவிடுகின்றன. ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் பறக்கும் அந்த எலக்ட்ரான்களைப் பூமியின் காந்தப்புலம் வளைக்கிறது. வளைந்து செல்லும் மின்துகள்கள் கதிர்வீசுகின்றன. கோடானுகோடி எலக்ட்ரான்களும் ஒரே தாளத்தில் அதைச் செய்வதால் கதிர்வீச்சுகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு பெருந்துடிப்பாகத் தரையை வந்தடைகின்றன. பாதுகாப்பு வடிவமைப்புக்கான சர்வதேசத் தரநிலை இந்தத் துடிப்பின் உச்சத்தை மீட்டருக்கு 50,000 வோல்ட் என எடுத்துக்கொள்கிறது.

வெடித்த இடத்திலிருந்து பார்த்தால் தொடுவானம் வரை தெரியும் பரப்பு முழுவதும் இந்தத் துடிப்பின் வீச்சுக்குள் வரும். 100 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்தால் அந்தப் பரப்பின் ஆரம் சுமார் 1,100 கிலோமீட்டர். 400 கிலோமீட்டர் உயரமானால் சுமார் 2,200 கிலோமீட்டர். எல்லா இடங்களிலும் வலிமை ஒன்றுபோல இருக்காது.

1962 ஜூலை 9 அன்று பசிபிக் பெருங்கடலில் ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கா 1.4 மெகாடன் குண்டை வெடித்தது. ‘ஸ்டார்பிஷ் பிரைம்’ என்று பெயரிடப்பட்ட அந்தச் சோதனையின்போது, சுமார் 1,400 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஹொனலூலுவில் தெருவிளக்குத் தொடர்கள் சில அணைந்தன. திருட்டு எச்சரிக்கை மணிகள் தாமாக ஒலித்தன. அதே ஆண்டு அக்டோபர் 22 அன்று சோவியத் ஒன்றியம் கஜகஸ்தான் வானில் சுமார் 290 கிலோமீட்டர் உயரத்தில் 300 கிலோடன் குண்டை வெடித்தது. அதன் பாடம் இன்னும் தெளிவானது. ஏறத்தாழ 570 கிலோமீட்டர் நீளமுள்ள தொலைபேசிக் கம்பித்தடத்தில் உருகிகளும் மிகையழுத்தக் காப்புகளும் செயலிழந்தன. மண்ணுக்கடியில் சுமார் 1,000 கிலோமீட்டர் ஓடிய மின்கேபிளும் பாதிக்கப்பட்டது. புதைத்த கேபிளை இ1 துடிப்பு அவ்வளவு எளிதில் எட்டாது. அதைப் பாதித்தது மெதுவான இ3 பகுதி. ஒரே வெடிப்பு, இரண்டு வேகங்கள், இரண்டு வகைச் சேதம்.

இன்றைய உலகில் இ1 தேடிப் போகும் இலக்குகள் தெருவிளக்குகளைவிட நுட்பமானவை. நீண்ட கட்டுப்பாட்டுக் கேபிள்களின் முனையில் அமர்ந்திருக்கும் டிஜிட்டல் ரிலேக்கள் (கோளாறு கண்டால் மின்சுற்றைத் துண்டிக்கச் சொல்லும் காப்புக் கருவிகள்), துணைமின் நிலையங்களின் தகவல்தொடர்புக் கருவிகள், ஆலைகளின் கட்டுப்பாட்டுக் கணினிகள் ஆகியவை சில வோல்ட்டுகளில் இயங்குபவை. அவற்றோடு இணைந்த கம்பிகளோ பத்து மீட்டர், நூறு மீட்டர் என நீள்பவை. கம்பி ஆன்டெனாவாகிவிடுகிறது. பெரிய மின்மாற்றியின் செம்புச் சுருள் இந்தத் துடிப்பைத் தாங்கிவிடலாம். அதைக் காவல் காக்கும் ரிலே தாங்காமல் போகலாம்.

ஊர்திகள் அனைத்தும் அந்தக் கணமே நின்றுவிடும் என்பது கதைகளுக்கு வசதியான கற்பனை. அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த மின்காந்தத் துடிப்பு ஆணையம் 37 கார்களைச் சோதித்தது. பெரும்பாலானவற்றில் விளக்கு மின்னுவது போன்ற சிறு தொல்லைகளே தென்பட்டன. மீட்டருக்குச் சுமார் 30,000 வோல்ட் அல்லது அதற்கு மேற்பட்ட அளவில் மூன்று கார்களின் எஞ்சின் ஓட்டத்தில் நின்றது. அவையும் மறுபடி கிளம்பின. அந்தக் கார்கள் 2002 வரை தயாரானவை என்பதால், மின்னணுச் சாதனங்கள் மிகுந்த இன்றைய கார்களுக்கு அந்த முடிவை அப்படியே பொருத்திவிட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

படி 3: மெதுவான புலம் மின்தடத்துக்குள் நுழையும் வழியைப் பின்தொடருங்கள்

சூரியப் பிளாஸ்மா பூமியின் காந்தக்கோளத்தில் (பூமியின் காந்தப்புலம் ஆளும் வெளியில்) மோதும்போது, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் அயனிமண்டலத்தில் லட்சக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டங்கள் பாய்கின்றன. அவை ஏறி இறங்கும்போது தரைமட்டக் காந்தப்புலமும் ஏறி இறங்குகிறது. மாறும் காந்தப்புலம் மின்புலத்தைத் தூண்டும் என்பது பாரடேயின் விதி. அவ்வாறு நிலப்பரப்பில் தூண்டப்படும் புலம் கிலோமீட்டருக்குச் சில வோல்ட் மட்டுமே. கேட்பதற்கு அற்பமாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அதன் எடை தெரியும்.

கிலோமீட்டருக்கு 2 வோல்ட் புலத்தில், அதே திசையில் 300 கிலோமீட்டர் நீளும் ஒரு மின்தடத்தின் இரு முனைகளுக்கிடையே 600 வோல்ட் உண்டாகிறது. உயரழுத்தத் தடத்தின் இரு முனைகளிலும் மின்மாற்றிகளின் நடுமுனை (மூன்று சுருள்களும் சேரும் புள்ளி) எர்த் செய்யப்பட்டிருப்பதால், தடம் வழியாகச் சென்று மண் வழியாகத் திரும்பும் ஒரு முழுச் சுற்று தயாராகவே காத்திருக்கிறது. அந்தச் சுற்றின் மொத்த மின்தடை 6 ஓம் என்றால் 100 ஆம்பியர் ஓடும். மூன்று பேஸ் கம்பிகளும் அதைப் பகிர்ந்துகொள்ளும்போது ஒவ்வொன்றிலும் சுமார் 33 ஆம்பியர். ஆயிரக்கணக்கான ஆம்பியர் தாங்கும் கம்பிக்கு இது ஒரு பொருட்டே அல்ல. மின்மாற்றியின் இரும்பு உள்ளகத்துக்குத்தான் பொருட்டு.

எந்த இடம் அதிக ஆபத்தில் இருக்கிறது என்பதை நிலத்தடிப் பாறை பெருமளவு தீர்மானிக்கிறது. மின்சாரத்தை எளிதில் கடத்தாத தொன்மையான கெட்டிப்பாறைப் பகுதிகளில் தூண்டப்படும் புலம் வலுவாக இருக்கும். உயர் அட்சரேகைகளில் துருவ ஒளிக்குக் காரணமான மின்னோட்டம் தலைக்கு மேலேயே பாய்வதால் அங்கு ஆபத்து கூடுதல். கடற்கரையோரங்களில், உவர்நீரும் பாறையும் சந்திக்கும் எல்லையில், புலம் மேலும் செறிவடைகிறது.

இந்த விளைவு மின்கட்டமைப்புகள் தோன்றும் முன்பே தெரிய வந்தது. 1859 செப்டம்பர் 1 அன்று ரிச்சர்ட் கேரிங்டனும் ரிச்சர்ட் ஹாட்ஜ்சனும் இங்கிலாந்தில் தனித்தனியே சூரியக் கரும்புள்ளிகளுக்கு மேல் ஒரு வெண்சுடரைக் கண்டார்கள். சுமார் பதினேழரை மணி நேரத்தில் புயல் பூமியை அடைந்தது. பாஸ்டனுக்கும் போர்ட்லாந்துக்கும் இடையிலான தந்தித் தடத்தில் பணியாளர்கள் மின்கலங்களைக் கழற்றிவிட்டு, புயல் தூண்டிய மின்னோட்டத்தைக் கொண்டே செய்தி பரிமாறிக்கொண்டார்கள். பம்பாயின் கொலாபா ஆய்வகக் கருவியில் கிடைமட்டக் காந்தப்புலம் ஏறத்தாழ 1,600 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) சரிந்தது பதிவாகியிருக்கிறது. வெப்பமண்டலப் பகுதியில் எடுக்கப்பட்ட அந்த அளவீடு இன்றும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கும் பதிவு.

படி 4: மின்மாற்றிக்குள் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியை அவசரமில்லாமல் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மற்ற எல்லா விளைவுகளும் இங்கிருந்துதான் கிளைவிடுகின்றன.

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு சுழற்சி 20 மில்லிவினாடி. நிமிடக்கணக்கில் மாறும் புயல் மின்னோட்டம், அந்தக் கண்ணோட்டத்தில், ஏறக்குறைய நேர்மின்னோட்டம்தான். மின்மாற்றியின் உள்ளகம் மாறுமின்னோட்டத்துக்காக, தெவிட்டும் எல்லைக்கு (இரும்பு அதற்குமேல் காந்தமாக முடியாத நிலைக்கு) சற்றுக் கீழே வேலை செய்யும்படி வடிவமைக்கப்படுகிறது. உள்ளகத்தைக் காந்தமாக்கத் தேவைப்படும் மின்னோட்டம் இயல்பான நிலையில் முழுச்சுமை மின்னோட்டத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இதன்மேல் நேர்மின்னோட்டம் ஏறி அமர்ந்தவுடன் காந்தப்பாயம் (உள்ளகத்தின் வழியே செல்லும் காந்தப்புலத்தின் மொத்த அளவு) ஒரு பக்கமாக நகர்ந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு பாதியில் உள்ளகம் தெவிட்டுகிறது, மறுபாதியில் மீள்கிறது. தெவிட்டும் பாதியில் காந்தமாக்கும் மின்னோட்டம் கூரான ஊசிபோல எழும்புகிறது.

இதிலிருந்து மூன்று தொல்லைகள் பிறக்கின்றன. இரும்புக்குள் அடங்காத காந்தப்பாயம் வெளியே வழிந்து, தொட்டியின் சுவரிலும் உள்ளகத்தை இறுக்கும் எஃகுப் பட்டைகளிலும் சுழல் மின்னோட்டங்களைத் தூண்ட, அங்கங்கே சூடேறிக் காப்புத்தாளும் எண்ணெயும் கெடுகின்றன. மின்மாற்றி திடீரென ஏராளமான எதிர்வினைத் திறனை (வேலை எதுவும் செய்யாமல் காந்தப்புலத்தை உண்டாக்கப் போய்வரும் மின்திறனை) விழுங்கத் தொடங்குவதால் கட்டமைப்பின் மின்னழுத்தம் சரிகிறது. ஊசிபோன்ற மின்னோட்டத்தில் இரட்டைப்படை, ஒற்றைப்படை ஹார்மோனிக் அலைகள் (மின்சாரத்தின் அடிப்படை அலைவெண்ணின் மடங்குகளில் அதிர்பவை) இரண்டும் நிறைந்திருப்பதால், அவற்றைக் கோளாறு என்று எண்ணிக்கொள்ளும் ரிலேக்கள், மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடித்திருக்கும் சாதனங்களையே கழற்றிவிடுகின்றன. முதல் தொல்லைதான் அதிகம் பேசப்படுகிறது. நடந்த இருட்டடிப்புகளைப் பார்த்தால் குற்றவாளிகள் பின்னவை இரண்டும்தான்.

1989 மார்ச் 13 அதிகாலை 2.44 மணிக்குக் கனடாவின் கியூபெக்கில் நடந்தது அதற்குப் பாடநூல் எடுத்துக்காட்டு. கெட்டிப்பாறை நிலத்தின்மேல் நெடுந்தூரம் ஓடும் 735 கிலோவோல்ட் தடங்களில் புயல் மின்னோட்டம் பாய்ந்தது. மின்னழுத்தத்தை நிலைப்படுத்தும் ஏழு ஈடுசெய் கருவிகள், ஹார்மோனிக் அலைகளால் ஏமாந்த காப்பு ரிலேக்களின் ஆணைப்படி, ஒரு நிமிடத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக ட்ரிப் ஆயின. தாங்குகோல் போனதும் கட்டமைப்பே சாய்ந்தது. சுமார் 60 லட்சம் பேர் மின்சாரம் இழந்தார்கள். பெரும்பகுதியை மீட்க ஒன்பது மணி நேரம் ஆயிற்று. அதே புயலில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் சேலம் அணுமின் நிலையத்தின் மின்மாற்றி ஒன்று சூடேறிப் பழுதடைந்தது. 2003 அக்டோபர் 30 அன்று சுவீடனின் மால்மோ நகரில் சுமார் 50,000 நுகர்வோரை இருட்டில் தள்ளியதும் மூன்றாம் ஹார்மோனிக் அலைக்கு அளவுக்கு மீறி அசைந்துகொடுத்த ஒரு ரிலேதான்.

எல்லா மின்மாற்றிகளும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. மூன்று தனித்தனி ஒற்றைப் பேஸ் அலகுகளாக அமைந்தவை எளிதில் தெவிட்டும். மூன்று கால் உள்ளகம் கொண்ட மூன்று பேஸ் மின்மாற்றிகள் கூடுதலாகத் தாங்கும். எர்த் செய்த நடுமுனை இல்லாத, முக்கோணமாக இணைந்த டெல்டா இணைப்புச் சுருளுக்குள் புயல் மின்னோட்டம் தடத்திலிருந்து நுழைய வழியில்லை.

படி 5: எச்சரிக்கையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அணுவெடிப்புத் துடிப்புக்கு முன்னறிவிப்பு இல்லை. சூரியப் புயலுக்கு இரண்டு கட்ட முன்னறிவிப்பு உண்டு. பிளாஸ்மா கிளம்பியதைச் செயற்கைக்கோள் படங்களில் கண்டவுடன் ஒன்று முதல் மூன்று நாட்களுக்கான முதல் அறிவிப்பு வரும். அது பூமியைத் தாக்குமா, தாக்கினால் எவ்வளவு வலுவாக என்பது அப்போது தெரியாது. பிளாஸ்மா சுமந்து வரும் காந்தப்புலம் தெற்கு நோக்கியிருந்தால் பூமியின் புலத்தோடு இணைந்து கதவைத் திறந்துவிடும். வடக்கு நோக்கியிருந்தால் பெரும்பாலும் வழுக்கிச் சென்றுவிடும். அந்தத் திசையை நேரில் அளக்க, பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், விண்கலம் பூமியோடு சேர்ந்தே சூரியனைச் சுற்றக்கூடிய எல்1 புள்ளியில் ஏஸ், டிஸ்கவர், ஆதித்யா-எல்1 போன்ற விண்கலங்கள் நிறுத்தப்பட்டுள்ளன. வினாடிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பிளாஸ்மா அங்கிருந்து பூமியை அடைய 31 நிமிடம் ஆகும். 2,000 கிலோமீட்டர் வேகமானால் பன்னிரண்டரை நிமிடம்தான். உறுதியான எச்சரிக்கைக்கும் தாக்குதலுக்கும் இடையே உள்ள அவகாசம் அவ்வளவே.

செய்திகளில் வரும் ஜி1 முதல் ஜி5 வரையிலான அளவுகோல், பூமி முழுவதற்குமான மூன்று மணி நேரக் குறியீடான கே-பி எண்ணை அடிப்படையாகக் கொண்டது. கே-பி 5 என்றால் ஜி1. 9 என்றால் ஜி5. ஆனால் மின்தடத்தில் ஓடும் மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது அந்தந்த வட்டாரத்தில் காந்தப்புலம் நிமிடத்துக்கு எவ்வளவு மாறுகிறது என்பதே. ஆகவே ஜி5 என்ற சொல்லைக் கேட்டதும் இருட்டடிப்பு உறுதி என்று முடிவுகட்ட வேண்டாம். 2024 மே 10, 11 தேதிகளில் ஜி5 அளவைத் தொட்ட புயலில் மின்கட்டமைப்புகள் பெரும் சரிவின்றித் தாக்குப்பிடித்தன. செயற்கைக்கோள் வழிகாட்டலை நம்பி வயலில் ஓடிய அமெரிக்க டிராக்டர்கள்தான் தடுமாறின.

படி 6: கட்டமைப்பை இயக்குவோர் செய்ய வேண்டியவை

நிரந்தரத் தடுப்புகளில் முக்கியமானது நேர்மின்னோட்டத்தின் பாதையை அடைப்பது. நீண்ட தடங்களில் தொடர் மின்தேக்கிகளை அமைத்தால், அவை மாறுமின்னோட்டத்தை விட்டுப் புயல் மின்னோட்டத்தைத் தடுத்துவிடும். 1989-க்குப் பிறகு கியூபெக் மேற்கொண்ட வழிகளுள் இதுவும் ஒன்று. மின்மாற்றியின் நடுமுனைக்கும் எர்த்துக்கும் இடையே தடுப்பு மின்தேக்கி வைப்பது இன்னொரு வழி. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஓரிடத்தில் அடைத்த மின்னோட்டம் பக்கத்து நிலையத்தின் வழியாகப் பாதை தேடும். எனவே முழுக் கட்டமைப்பையும் கணினி மாதிரியில் ஓட்டிப் பார்க்காமல் ஒரே ஒரு மின்மாற்றியில் மட்டும் தடுப்பு வைப்பது அரைகுறை வேலை. ரிலேக்களின் அமைப்பை ஹார்மோனிக் அலைகளுக்கு ஏமாறாதபடி திருத்துவதோ செலவு குறைந்த, பலன் மிகுந்த செயல். வேறெதற்கும் முன் இதைச் செய்யலாம் என்பது என் கருத்து.

எச்சரிக்கை வந்தபின் செய்யக்கூடியவை வேறு. பராமரிப்புக்காக நிறுத்திய தடங்களை இணைப்புக்குக் கொண்டுவருவது, எதிர்வினைத் திறன் இருப்பைக் கூட்டுவது, தொலைதூர மின்பரிமாற்றத்தைக் குறைத்து அருகிலுள்ள உற்பத்தியை உயர்த்துவது, நடுமுனை மின்னோட்டத்தையும் எண்ணெய் வெப்பநிலையையும் இடைவிடாமல் கவனிப்பது ஆகியவை வழக்கமான நடவடிக்கைகள்.

இ1-க்கு எதிரான காப்பு முற்றிலும் வேறு கலை. கட்டுப்பாட்டு அறைக்கு உலோகக் கவசம், கேபிள்கள் நுழையும் இடத்திலேயே வடிகட்டியும் மின்னெழுச்சிக் காப்பும், செம்புக் கம்பிக்குப் பதில் ஒளியிழை என அது அமையும். ஒளியிழைக்குள் மின்னோட்டம் தூண்டப்படுவதில்லை. அதன் முனைகளில் உள்ள மின்னணுக் கருவிகளுக்குத்தான் காப்பு வேண்டும்.

படி 7: வீட்டிலும் சிறு நிறுவனத்திலும்

சூரியப் புயலுக்கு முன் வீட்டுக் கருவிகளைக் கவசத்தில் அடைக்கத் தேவையில்லை. மின்னழுத்தம் ஏறி இறங்கக்கூடும், விநியோகம் நிற்கக்கூடும் என்பதால் விலை மிகுந்த கருவிகளின் செருகியைக் கழற்றுவது போதும். அதைவிட முக்கியமானது, மின்சாரம் நின்றால் வேறு எவையெல்லாம் நிற்கும் என்று பட்டியலிடுவது: குடிநீர் ஏற்றும் பம்பு, குளிரில் வைக்க வேண்டிய மருந்து, மூச்சு உதவிக் கருவி, கைப்பேசிக் கோபுரம், பணப் பரிமாற்றம். இவை ஒவ்வொன்றுக்கும் குறைந்தது சில நாட்களுக்கான மாற்றைத் தயார் செய்யுங்கள். செயற்கைக்கோள் வழிகாட்டலும் நேரக்கணிப்பும் பிழைபடலாம். நில அளவை, டிரோன் போன்ற துல்லிய வேலைகளை அந்த நாட்களில் தள்ளிவையுங்கள்.

இ1 துடிப்புக்காக ஒரு வானொலியையும் சில கருவிகளையும் காக்க விரும்புவோர், இறுக மூடும் உலோகப் பெட்டியைப் பயன்படுத்தலாம். மூடியும் பெட்டியும் சுற்றிலும் உலோகத்தோடு உலோகமாகத் தொட வேண்டும். வண்ணப்பூச்சும் ரப்பர் விளிம்பும் அந்தத் தொடுகையைக் கெடுக்கும். வட்டத் துளையைவிட ஒடுங்கிய நீண்ட இடுக்கு ஆபத்தானது, ஏனெனில் இடுக்கின் நீளமே கசிவைத் தீர்மானிக்கிறது. உள்ளே அட்டை விரித்துக் கருவி உலோகத்தில் படாதபடி வையுங்கள். வெளியிலிருந்து ஒரே ஒரு கம்பி உள்ளே சென்றாலும் கவசம் பயனற்றுப் போகும். சோதிக்க, வலுவாகக் கேட்கும் ஒரு பண்பலை நிலையத்தில் வானொலியை நிறுத்தி, ஒலியைக் கூட்டி உள்ளே வைத்து மூடுங்கள். நிலையம் மறைந்து இரைச்சல் மட்டும் கேட்க வேண்டும். கைப்பேசியைவிட இது பொருத்தமான சோதனை, ஏனெனில் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பண்பலை வரிசை இ1-இன் ஆற்றல் பரவியிருக்கும் பகுதிக்கு அருகில் இருக்கிறது. மைக்ரோவேவ் அடுப்பு ஒரே ஓர் அலைவரிசையைத் தடுக்கவே வடிவமைக்கப்பட்டது; அதை நம்ப வேண்டாம்.

படி 8: மின்சாரம் திரும்பிய பிறகு

முழுதும் சரிந்த கட்டமைப்பை ஒரே விசையில் எழுப்ப முடியாது. பெரும்பாலான மின்நிலையங்களுக்குக் கிளம்பவே வெளி மின்சாரம் தேவை என்பதால், தாமாகத் தொடங்கக்கூடிய நீர்மின் நிலையம் போன்ற ஒன்றை முதலில் இயக்கி, பகுதி பகுதியாகச் சுமையைச் சேர்ப்பார்கள். மின்சாரம் வந்தவுடன் எல்லாக் கருவிகளையும் ஒருசேர இயக்காமல், மின்னழுத்தம் நிலைபெற்றதைப் பார்த்து ஒவ்வொன்றாக இணைப்பது அவர்களுக்கும் உங்கள் கருவிகளுக்கும் நல்லது.

துணைமின் நிலையத்தில் வேலை அன்றோடு முடிவதில்லை. சூடேறிய காப்புத்தாள் உடனே கெட்டுப்போகாமல் மெல்ல மெல்லச் சிதையக்கூடும். 2003 புயலைக் கடந்துவிட்ட தென்னாப்பிரிக்க மின்மாற்றிகள் சில, அடுத்து வந்த மாதங்களில்தான் பழுதடைந்தன. எண்ணெயில் கரைந்துள்ள வாயுக்களின் அளவு அந்தச் சிதைவை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள ஒரு பெரிய மின்மாற்றியைப் புதிதாகச் செய்து வாங்க ஓராண்டுக்கும் மேல் ஆகும் என்பதால், புயல் முடிந்த வாரத்தில் ஒருமுறையும் பிறகு பல மாதங்களுக்கு வழக்கத்தைவிடக் குறுகிய இடைவெளிகளிலும் எண்ணெய் மாதிரி எடுத்து, புயலுக்கு முந்தைய அளவீடுகளோடு ஒப்பிட்டு வர வேண்டும்.